கனடா பி.ஆர்.: ஊரில் போய் நிற்கமுன் 730 நாளை எண்ணிப் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கனடாவுக்கு வந்து பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) எடுத்தவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட தாய் தகப்பன்மார், கார்டில் இருக்கும் திகதியை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்தத் திகதி கார்டுக்குத்தான். அது முடிந்தால் பி.ஆர். போய்விடாது, கார்டில் இன்னும் 2 வருஷம் கிடந்தாலும் பி.ஆர். பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

சட்டம் கேட்பது 5 வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருந்தீர்களா என்பதை. தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை, வந்திறங்கிய நாளும் வெளிக்கிட்ட நாளும் சேரும். பி.ஆர். கிடைத்து 5 வருஷம் ஆகவில்லை என்றால் மிச்ச நாட்களில் 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். தாண்டியவருக்கு, அதிகாரி பார்க்கிற அன்றிலிருந்து பின்னோக்கி 5 வருஷம், அவ்வளவுதான். அதற்கு முதல் எத்தனை வருஷம் டொரொண்டோ ஸ்காபரோவில் ஸ்னோ தள்ளியிருந்தாலும் இந்தக் கணக்குக்கு உதவாது.

எங்கள் ஆட்களுக்குப் பிசகுவது இப்படித்தான்: வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கென்று போவார்கள், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தமோ திருக்கோவில் தீர்த்தமோ முடியட்டும் என்பார்கள், பிறகு பெரும்போக விதைப்பு வந்துவிடும், வயலைக் குத்தகைக்கு விட மனம் வராது, விதைத்தால் அறுவடை மட்டும் நிற்கத்தானே வேண்டும், அதற்குள் மாசி பிறந்துவிடும். ஒரு வருஷம் அப்படி நிற்கலாம், பிழையில்லை. வருஷா வருஷம் நின்றால் 730 எட்டவே எட்டாது.

"மகன் சிட்டிசன்தானே, அவரோடு ஊரில் நின்றால் எண்ண மாட்டார்களா?" மாட்டார்கள். சிட்டிசனான கணவனோடு அல்லது மனைவியோடு வெளிநாட்டில் சேர்ந்திருந்த நாட்கள் கணக்கில் வரும். 22 வயதுக்குட்பட்ட, கலியாணம் முடிக்காத பிள்ளை சிட்டிசனான தாய் தகப்பனோடு இருந்தாலும் வரும். பிள்ளையைக் காட்டிப் பெற்றோர் எண்ண வழியில்லை.

கார்ட் முடிந்தபிறகும் ஊரில் நின்றால் கட்டுநாயக்காவில் கனடா விமானம் ஏற விடமாட்டார்கள். அதற்கென்று இருக்கிற பி.ஆர். பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அங்கேதான் உங்கள் நாட்களை எண்ணப் போகிறார்கள். குறைந்து மறுத்தால் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். மனிதாபிமானக் காரணங்களையும் பார்ப்பார்கள், ஆனால் வாயால் சொன்னால் போதாது. வருத்தமாகி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அங்கே எழுதித் தருகிற டயக்னோசிஸ் கார்டை (நோய் விபர அட்டையை) எறியாதீர்கள். பழைய பாஸ்போர்ட்டையும்தான், கனடாவை விட்டு வெளிக்கிடும்போது அங்கே சீல் குத்துவதில்லை, இலங்கையில் குத்திய சீல்தான் கையில் இருக்கிற சாட்சி.

சரி, மனம் ஊரில்தான் என்றால்? என்னைக் கேட்டால், பி.ஆரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து பறப்பதை விட, அதைத் தாங்களாகவே கைவிட்டுவிட்டு சூப்பர் விசாவுக்கு (பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கான நீண்டகால விசா) போடுவது சிலருக்குப் பொருந்தும். ஒரு தடவை வந்தால் 5 வருஷம் வரைக்கும் நிற்கலாம். ஆனால் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை வருமானம் காட்ட வேண்டும், ஓஹிப் (ஒன்டாரியோ அரச மருத்துவக் காப்புறுதி) இருக்காது, மருத்துவக் காப்புறுதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், வயது போனவர்களுக்கு அது சின்னக் காசில்லை. ஆகவே பி.ஆரைக் கைவிடக் கையெழுத்துப் போடமுன் பிள்ளைகளோடு இருந்து கதையுங்கள்.