கடல் தூண்டிலோடு ஏரிக்குப் போனேன்

கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் தூண்டில் வாங்கப் போனால் பெரும்பாலும் கடலுக்கான சாமான்தான் கண்ணில் படும். நானும் விவரம் தெரியாமல் 0.50 மி.மீ. தங்கூசி (தூண்டில் நரம்பு), 1/0 தூண்டில் முள், பெரிய ஈயக்குண்டு என்று அள்ளிக்கொண்டு பெருமாள் ஏரிக்குக் கிளம்பினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. மண்புழு மட்டும் காணாமல் போனது.

மூங்கில் கழியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் முள்ளைப் பார்த்துச் சிரித்தார். "ஜிலேபி மீனுக்கு வாயே இத்தினியூண்டு தம்பி, இது எப்படி உள்ள போவும்?"

சரி என்று 8ஆம் எண் முள்ளுக்கு மாறினேன். முள்ளில் எண் கூடக்கூட அளவு சிறுக்கும். 1/0 மாதிரிக் கோடு போட்டவை தலைகீழ், அவற்றில் எண் கூடினால் முள்ளும் பெரிது. இந்தக் குழப்பத்தில்தான் நான் ஏமாந்தேன். தங்கூசி 0.25 மி.மீ., ஈயம் மிளகளவு, மேலே சின்னத் தக்கை. புழுவை முழுசாகத் தொங்கவிடாமல் துண்டாக்கிக் கோத்தேன்.

ரீலில் தங்கூசி சிக்கிக்கொண்டே இருந்ததற்கும் காரணம் நான்தான். விளிம்புவரை சுற்றியிருந்தேன். இரண்டு மி.மீ. இடம் விட்டுச் சுற்றி, வீசியதும் ரீலில் தங்கூசியைப் பிடிக்கும் கம்பி வளையத்தைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் விரலால் மூடினேன். சிக்கல் பாதிக்குமேல் குறைந்தது.

ஏரி மீன் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் நாலாவது வாரம் உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் ஏழு ஜிலேபி. அப்புறம் ஒரு விரால் வந்து, மெல்லிய தங்கூசியை அறுத்துக்கொண்டு போய்விட்டது.