‘கப’ என்றால் கட்டப்பனை: சுருக்கத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கம்பத்தில் காய்கறி லோடுக்கு பில் போடுகிற அண்ணன் ‘கட்டப்பனை’ என்று முழுதாகத் தட்ட மாட்டார். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். ‘கப’ என்று தட்டுவார், ஊர் வந்து நிற்க வேண்டும். அதற்கான நிரலை எழுதிப் பார்ப்போம். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

முதலில், எழுத்தைப் பிரியுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். ‘கட்டப்பனை’யின் நீளம் கேட்டால் பைத்தான் 9 என்று சொல்லும்; நமக்கோ 6 எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அவை வரும்போதெல்லாம் முந்தைய எழுத்தோடு ஒட்டி க, ட், ட, ப், ப, னை என்று பட்டியலாக்குங்கள். ‘கோட்டயம்’ என்பதில் உள்ள ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். அதனால் பிரிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. பலரும் நேராக லெவன்ஷ்டைன் தூரத்துக்குப் போவார்கள். 1965இல் வந்த நல்ல முறைதான்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. ஆனால் ‘கப’வைக் கட்டப்பனையாக்க 4 எழுத்து சேர்க்க வேண்டும், குமுளியாக்க 3 மாற்றம் போதும். லோடு குமுளியில் இறங்கிவிடும்! சுருக்கம் பிழையில்லை, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

நான் வைத்திருப்பது இது. தட்டிய எழுத்துகள் ஊர்ப்பெயரில் அதே வரிசையில் வர வேண்டும், இல்லையென்றால் 0. பொருந்தும் எழுத்துக்குத் தலா 10, முதலெழுத்தே பொருந்தினால் கூடுதலாக 5. நடுவில் தாண்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் 1 குறையுங்கள். புள்ளி எழுத்தைத் தாண்டினால் குறைக்க வேண்டாம்; அவசரத்தில் யாரும் அதைத் தட்டுவதில்லை.

கட்டப்பனையில் ட், ட, ப் மூன்றையும் தாண்டுகிறோம், ‘ட’வுக்கு மட்டும் 1 போகும்: 24. குமுளிக்கு 0. கம்பத்துக்கு 25, ‘ம்’ மட்டும்தானே நடுவில்.

எல்லா ஊருக்கும் 0 வந்தால் மட்டும் லெவன்ஷ்டைனைக் கூப்பிடுங்கள். ‘வன்டிபெரியாறு’ என்று தட்டினால் வண்டிப்பெரியாற்றுக்குத் தூரம் 2. பெயரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏற்கலாம். 8 எழுத்துக்கு 2 தாராளமாகப் போகும்.

சரி, ‘கப’வுக்கு இன்னும் கம்பம்தானே மேலே நிற்கிறது? அண்ணன் எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அந்தச் சுருக்கத்தோடு சேர்த்துக் குறித்துவைத்து, ஒவ்வொரு தடவைக்கும் அந்த ஊரின் மதிப்பெண்ணில் 1 கூட்டுங்கள். 5க்கு மேல் வேண்டாம். இரண்டு லோடு போனதும் கட்டப்பனை 26.