ஓராண்டுப் புளியைக் கெடாமல் வைக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தை முதல் பங்குனி வரை புதுப்புளி வரத்து இருப்பதால், ஓராண்டுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கி வைக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உள்ளது. வாங்கிய புளியில் ஓடு, நார், கொட்டை ஆகியவற்றை நீக்கிய பிறகு, கையில் ஒட்டும் பிசுபிசுப்புக் குறையும்வரை நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். கொட்டையோடு வைத்தால் வண்டு விழும் வாய்ப்பு அதிகம்.

உலர்ந்த புளியை நன்கு ஆறவிட்டு, இடையிடையே கல்லுப்புத் தூவி, காற்று இடைவெளி இல்லாதபடி அழுத்தி, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடைத்து வாயை இறுக மூடிவிடலாம். உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அலுமினியம், பித்தளை போன்ற உலோகங்களை அரிக்கும் என்பதால், அந்தப் பாத்திரங்களை அறவே தவிர்க்க வேண்டும். அன்றாடத் தேவைக்குச் சிறிதளவைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் ஈரக்கை பட்டுப் பானை முழுவதும் வீணாகும் நிலை வராது.

நாளாக ஆகப் புளி கறுப்பது இயல்பே. குழம்புக்குப் பழம்புளியைத்தான் தேடுவோரும் உண்டு. நிறம் மாறக் கூடாது என்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்திருந்தாலோ, அந்தப் பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துவது சரியன்று.

கேழ்வரகுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. உலர்ந்த தானியமாக நெடுநாள் தாங்கும் அது, மாவானதும் சில வாரங்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்குவதால், அவ்வப்போது தேவைக்கேற்ப அரைத்துக்கொள்வதே நல்லது. உமி நீக்கிய சாமையும் மாவைப் போலவே நெடுநாள் தாங்காது; தேவைக்கேற்ப உமி நீக்கிக்கொள்வதே நல்லது.