வடிவமைப்பாளரின் சொந்த இணையதளம்: கட்டுவதும் பேணுவதும்

வடிவமைப்பாளர் ஒருவரின் தளத்தைத் திறப்பவர் பெரும்பாலும் பல விண்ணப்பங்களுக்கு நடுவே அதைப் பார்க்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகப் படிக்க அவருக்கு நேரமிருக்காது. ஆகவே, எந்தக் கருவியில் தளத்தைக் கட்டுவது என்று யோசிப்பதற்கு முன்பே, எந்தப் படைப்புகளை அதில் வைப்பது என்று முடிவுசெய்துவிட வேண்டும். நான்கைந்து போதும். இனி எத்தகைய வேலை வர வேண்டுமென்று விரும்புகிறீர்களோ அத்தகைய வேலையையே முன்னால் வையுங்கள். லோகோ வரைவதில் நாட்டமில்லாதவர் லோகோக்களை அடுக்கிவைத்தால், வரும் அழைப்புகளும் லோகோவுக்காகவே வரும்.

தளத்தின் உயிர், ஒவ்வொரு படைப்புக்கும் நீங்கள் எழுதும் விளக்கத்தில் இருக்கிறது. "மருத்துவமனைச் செயலிக்கு முன்பதிவுப் பக்கம் வடிவமைத்தேன்" என்ற வரியிலிருந்து உங்களைப் பற்றி எதுவும் தெரியவராது. "முதல் திரையிலேயே முகவரி, வயது என எல்லாவற்றையும் கேட்டதால் பலர் படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள், மருத்துவரையும் நாளையும் முதலில் தேர்ந்தெடுக்கச் செய்து, சொந்த விவரங்களைக் கடைசித் திரைக்கு மாற்றினேன்" என்று எழுதி, பழைய திரையையும் புதிய திரையையும் அருகருகே காட்டினால், நீங்கள் எப்படிச் சிந்திக்கிறீர்கள் என்பது விளங்கிவிடும். கைவிட்ட வரைவு ஒன்றையும், அதை ஏன் கைவிட்டீர்கள் என்பதையும் சேர்ப்பது நல்லது. என்னைக் கேட்டால், முடிந்த வேலையின் பளபளப்பான படத்தைவிட அதற்கே மதிப்பு அதிகம். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எதுவென்று ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டதாக இருந்தால், வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி வெளியிட வேண்டாம்.

கட்டுமானத்தைப் பொறுத்தவரை, ஆயத்த வார்ப்புருவும் போதும், சொந்தமாக எழுதிய நிரலும் போதும். டொமைன் எனப்படும் தளத்தின் முகவரிப் பெயர் மட்டும் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கட்டும். பிறகு தளத்தை இயக்கும் சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது. இத்தகைய தளங்களைத் தாமதமாக்குபவை பெரும்பாலும் படங்களே. அவற்றைத் திரையில் தெரியும் அளவுக்குச் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) அல்லது ஏவிஐஎஃப் (AVIF) வடிவில் ஏற்றுங்கள். கீழே வரும் படங்கள் தேவைப்படும்போது இறங்கினால் போதும், ஆனால் முதல் திரையின் படத்துக்கு அந்தத் தாமதத்தை வைக்கக்கூடாது. பக்கத்தின் மிகப் பெரிய கூறு 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்பதே கூகுள் தரும் அளவுகோல். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு இருக்கட்டும். படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி, எழுதத் தவறாதீர்கள், ஏனெனில் திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கொண்டு படிப்பவருக்கு அந்த வரிதான் படம்.

தளம் வெளியான பின் பராமரிப்பு தொடங்குகிறது. வேலை முடிந்த பிறகு விளக்கம் எழுத உட்கார்ந்தால் பாதி காரணங்கள் மறந்துபோயிருக்கும்; வேலை நடக்கும்போதே வரைவுகளைத் தேதியிட்டுச் சேமித்து, ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு வரிக் குறிப்பு எழுதிவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இருப்பவற்றில் மிகப் பலவீனமான படைப்பை நீக்கிவிட்டுப் புதியதைச் சேருங்கள். நீக்கிய பக்கத்தின் இணைப்பு பழைய விண்ணப்பங்களில் இருக்கக்கூடும் என்பதால், அந்த முகவரியை 301 எனப்படும் நிரந்தர வழிமாற்று மூலம் அதற்கு நெருங்கிய பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். டொமைனுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவைப்பதோடு, தொடர்புப் படிவத்தில் நீங்களே அவ்வப்போது ஒரு செய்தி அனுப்பி, அது உங்கள் அஞ்சலுக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.