வீடு உங்களுடையது, படம் யாருடையது? ரியல் எஸ்டேட் புகைப்படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வீடு மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கிறது. உரிமையாளர் ஏஜென்டை மாற்றுகிறார். புதியவர் பழைய விளம்பரத்தைத் திறந்து, அதிலிருக்கும் படங்களை எல்லாம் இறக்கி, தன் பெயரில் புதிய விளம்பரம் போட்டுவிடுகிறார். வீடு அதே வீடு. உரிமையாளரின் சம்மதமும் இருக்கிறது. இதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் வீட்டு விளம்பரப் படங்களால் வரும் சட்டச் சிக்கல்கள் பெரும்பாலும் இப்படித்தான், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலே தொடங்குகின்றன.

வீட்டின் மீதான உரிமை வேறு, அந்த வீட்டை எடுத்த படத்தின் மீதான உரிமை வேறு. எங்கே நின்று எடுப்பது, எந்த வெளிச்சத்துக்குக் காத்திருப்பது, எதைப் படத்துக்குள் வைப்பது என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அப்படி உருவான படத்தைப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு படைப்பாகப் பாதுகாக்கிறது. படம் எடுத்த நொடியிலேயே அந்த உரிமை பிறந்துவிடும். எங்கேயும் பதிவு செய்ய வேண்டாம், படத்தின் மூலையில் பெயர் போடவும் வேண்டாம். பதிப்புரிமை பற்றி நாடுகள் சேர்ந்து 1886ல் உருவாக்கிய பெர்ன் உடன்படிக்கை, 1908ல் பெர்லினில் திருத்தப்பட்டபோதே இந்த விதியை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன.

அந்த உரிமை முதலில் யாரிடம் இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக்காரருக்குக் காசு கொடுத்துப் படம் எடுத்தாலும், எழுத்தில் மாற்றித் தராதவரை உரிமை அவரிடமே இருக்கும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17ஆவது பிரிவு. இப்போது நம் வீட்டைப் பாருங்கள். படத்துக்குக் காசு கொடுத்தவர் பழைய ஏஜென்ட். ஆக, இந்த இரண்டில் எந்த முறைப்படி பார்த்தாலும் உரிமை புகைப்படக்காரரிடம் இருக்கும், இல்லையென்றால் பழைய ஏஜென்டிடம் இருக்கும். வீட்டுக்காரரிடம் இல்லை. தன்னிடம் இல்லாத உரிமையை அவர் புதிய ஏஜென்டுக்கு எப்படிக் கொடுப்பார்?

இதிலிருந்து தப்பிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. படத்தை எடுத்தவர் யார் என்று விசாரித்து, புதிய ஏஜென்டின் பெயருக்கு ஒரு அனுமதி வாங்கிக்கொள்ளலாம். கையில் இருக்கும் படத்துக்கு இன்னொரு முறை கட்டணம் வருகிறது என்றால் பல புகைப்படக்காரர்கள் மகிழ்ச்சியாகத் தருவார்கள். அது நடக்காவிட்டால் புதிதாக எடுத்துவிட வேண்டியதுதான்.

வாங்கிய அனுமதி எதுவரை செல்லும்?

வீடு வாங்கும்போது மூலப்பத்திரம் வரை தேடி வில்லங்கம் பார்க்கிறவர்கள், அந்த வீட்டின் படத்துக்கு ஒரு வரிகூட எழுதி வாங்குவதில்லை. "போட்டோவுக்குப் பணம் கொடுத்தாச்சு, இனி எங்கே வேண்டுமானாலும் போடலாம்" என்பதுதான் பொதுவான நினைப்பு. உரிமை புகைப்படக்காரரிடமோ வேறொருவரிடமோ இருந்தால், நீங்கள் வாங்கியிருப்பது படத்தை அல்ல, அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான். வாடகை ஒப்பந்தம் போல அதற்கும் காலம் உண்டு, எல்லை உண்டு, இன்ன காரியத்துக்கு என்ற நோக்கமும் உண்டு.

அந்த எல்லை எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு நன்றாகக் காட்டுகிறது. விஎச்டி என்பது வீட்டு விளம்பரங்களுக்குப் படம் எடுத்துக்கொடுக்கும் நிறுவனம். அதன் படங்கள் ஏஜென்டுகள் வழியாக, வீட்டு விளம்பரங்களை வெளியிடும் ஜில்லோ இணையதளத்துக்குப் போயின. வீட்டை விற்பதற்காகக் கொடுத்த அந்தப் படங்களை ஜில்லோ, டிக்ஸ் என்ற தன்னுடைய வீட்டு அலங்கார யோசனைப் பகுதியிலும் எடுத்துப் போட்டது. 2015ல் விஎச்டி வழக்குத் தொடுத்தது. 2017ல் ஜூரி சுமார் 83 லட்சம் டாலர் இழப்பீடு என்று முடிவு சொன்னது. பிறகு அந்தத் தொகை நீதிமன்றத்தில் பெரிதும் குறைக்கப்பட்டது. 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வழக்கமான விற்பனைப் பக்கங்களில் வந்த படங்களுக்கு ஜில்லோவை நேரடிப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அலங்காரப் பகுதியில் தேர்ந்தெடுத்து, தேடிப் பார்க்கும்படி வைத்த படங்கள் உரிமை மீறல்தான். அதே படம், அதே இணையதளம். நோக்கம் மாறியதும் அனுமதி செல்லாமல் போனது.

ஆகவே படம் எடுக்கும் முன்பே சில விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். யார் யார் பயன்படுத்தலாம், உரிமையாளரா, ஏஜென்டா, இருவருமா? வீடு விற்றபின் "நாங்கள் விற்றுக்கொடுத்த வீடு" என்று ஏஜென்ட் தன் பக்கத்தில் காட்டிக்கொள்ளலாமா? விளம்பரத் தளங்களுக்கும் சமூக ஊடகத்துக்கும் ஏற்றலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விளம்பரத் தளத்தில் படத்தை ஏற்றும்போது, "இதைப் பயன்படுத்த எனக்கு உரிமை இருக்கிறது, உங்களுக்கும் அந்த அனுமதியைத் தருகிறேன்" என்று பொதுவாக அங்கே ஒரு நிபந்தனைக்குச் சம்மதிக்கிறீர்கள். புகைப்படக்காரர் உங்களுக்கு அவ்வளவு கொடுக்கவில்லை என்றால், கையில் இல்லாததைக் கொடுத்ததாக நீங்களே உறுதி அளித்துவிடுகிறீர்கள். உள் அலங்காரம் செய்தவரும் கட்டடக் கலைஞரும் "அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள்" என்று கேட்பது வழக்கம். ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

காலத்தை எழுதாமல் விடுவதும் ஆபத்துதான். இந்தியச் சட்டத்தில், எழுதிக் கொடுக்கும் உரிமைக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மனை விற்கும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"பெயர் இல்லையே, எடுத்தால் என்ன?"

கூகுளில் கிடைத்த படம் எல்லாருக்கும் பொது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. தேடுபொறி படம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். படத்தில் பெயர் இல்லை என்பதும் ஒன்றையும் நிரூபிக்காது. கேமரா கோப்புக்குள்ளேயே எடுத்தவரின் பெயர், தேதி போன்ற விவரங்களைப் பதித்து வைக்கலாம். ஆனால் இணையதளங்களில் ஏற்றி, படத்தின் அளவு சுருங்கும்போது அவை பல நேரம் அழிந்துபோகின்றன. அழிந்தது விவரம்தான், உரிமை அல்ல.

இதைவிட மோசமானது வாட்டர்மார்க்கை, அதாவது படத்தின் மேல் பதித்த உரிமையாளரின் பெயரையோ குறியையோ வெட்டுவது. தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்லும் வாய்ப்பை அது ஒரேயடியாக மூடிவிடுகிறது. மீறலை மறைக்க உரிமை விவரத்தை நீக்குவது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி தனிக் குற்றச்சாட்டு. ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். இந்தியாவிலும் 2012ல் வந்த திருத்தம் உரிமை விவரங்களை நீக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இடவலமாகத் திருப்பிப் போடுவது, நிறத்தை மாற்றுவது, ஓரத்தை வெட்டுவது, செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு மெருகேற்றுவது, எதுவும் படத்தை உங்களுடையதாக்காது. டின்ஐ, கூகுள் லென்ஸ் போன்ற கருவிகளில் ஒரு படத்தைக் கொடுத்தால் அதன் பிரதிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடித் தருகின்றன. மாற்றிய பிரதியும் அதில் சிக்கலாம்.

தொகை சிறியதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு படைப்புக்குச் சட்டம் நிர்ணயித்த இழப்பீடு 750 முதல் 30,000 டாலர் வரை. வேண்டுமென்றே மீறியதாகத் தெரிந்தால் 1,50,000 வரை. ஒரு வீட்டு விளம்பரத்தில் எத்தனை படங்கள் இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வணிகக் கட்டடங்களின் தகவல் தொகுப்பை விற்கும் கோஸ்டார் நிறுவனம், தன் படங்களையும் தகவல்களையும் நகலெடுத்ததாக போட்டி நிறுவனமான எக்ஸெலிஜென்ட் மீது தொடுத்த வழக்கு 2019ல் 50 கோடி டாலர் தீர்ப்பில் முடிந்தது. எக்ஸெலிஜென்ட் அதற்கு முன்பே திவாலாகியிருந்தது. இந்தியச் சட்டத்தில் தெரிந்தே மீறினால் சிறையும் உண்டு: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை.

இலவசப் படத் தளங்களும், சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே அனுமதித்த கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களும் நல்ல வழிதான், ஆனால் நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்று எழுதியிருந்தால் வீட்டு விளம்பரம் வணிகம்தான். செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றிருந்தால் விளம்பரத்தில் போட முடியாது. வரைபடத் தளத்தின் தெருக்காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதற்கும் அந்தத் தளத்தின் விதிகள் உண்டு.

சொந்தப் படம் நன்றாக வந்தால்

பலர் அடுத்தவர் படத்தைத் தேடிப் போவதற்குக் காரணம், தாங்கள் எடுத்த படம் இருட்டாகவும் கோணலாகவும் வந்திருப்பதுதான். இதைச் சரிசெய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாசல் ஓரத்தில் நின்று, கண் உயரத்திலிருந்து, கேமராவைக் கீழே சாய்த்து எடுப்பது முதல் தவறு. சுவர்கள் சரிந்து தெரியும். கேமராவை ஏறக்குறைய மார்பு உயரத்தில் முக்காலியில் வைத்து மட்டமாகப் பிடித்தால் நேர்கோடுகள் நேராக நிற்கும். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மிக அகலமான லென்ஸ் போடுவது அடுத்த தவறு. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 16 முதல் 24 மி.மீ. வரை போதும். அதற்கும் கீழே போனால் ஓரத்தில் இருக்கும் சோபா இழுத்து நீட்டினாற்போல் ஆகிவிடும், நேரில் வந்து பார்க்கிறவர் ஏமாந்துபோவார்.

ஜன்னல் வெளுத்து அறை இருண்டுபோனால், ஒரே இடத்தில் வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று அல்லது ஐந்து படம் எடுத்து இணைக்கலாம். மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் சுவரின் நிறமே மாறிவிடும். ஒன்றை அணைத்துவிட்டு எடுங்கள். அப்புறம், எடுக்கும் முன் அறையை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். குடும்பப் படங்கள், குழந்தைகளின் பெயர், மேசை மேல் கிடக்கும் கடிதம், மாத்திரை டப்பா, பாதுகாப்புக் கருவி, கண்ணாடியில் தெரியும் உங்கள் உருவம் எல்லாம் வெளியே போகக்கூடாதவை. வாடகைக்கு இருப்பவர்களின் பொருள்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். சுவரில் தொங்கும் ஓவியத்துக்கும் தனிப் பதிப்புரிமை இருக்கலாம், அதையே பெரிதாகக் காட்டும்படி எடுக்க வேண்டாம்.

படம் வீட்டைப் பற்றிப் பொய் சொல்லும்போது

இந்தத் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் அடிபடுகிறவர் வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர். வேறொரு வீட்டின் சமையலறையை இந்த வீட்டின் சமையலறை என்று போட்டால், அங்கே புகைப்படக்காரரின் உரிமை மட்டும் மீறப்படவில்லை, வாங்குகிறவரும் ஏமாற்றப்படுகிறார். படத்துக்கு முறையாக அனுமதி வாங்கியிருந்தாலும் அந்தப் பொய் பொய்தான். வீட்டெதிரே நிற்கும் மின்கம்பத்தை அழிப்பது, சுவர் விரிசலை மறைப்பது, வறண்ட புல்லைப் பச்சையாக்குவது எல்லாம் இதே வகை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, தவறான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்குக் கட்டுமான நிறுவனம் ஈடு செய்ய வேண்டும். விலக நினைத்தால் போட்ட பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல், கணினியில் மாற்றிய வீட்டு விளம்பரப் படத்தில் அதைச் சொல்லியாக வேண்டும், மாற்றாத படத்தைப் பார்க்கவும் வழி தர வேண்டும். வெளிச்சம், நிறம், சாய்வு போன்றவற்றைச் சரிசெய்வது இதில் வராது. காலி அறையில் கணினியிலேயே நாற்காலி மேசை போட்டுக் காட்டுகிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் படத்தின் மேலேயே அதை எழுதிவிடுவது நல்லது.

புகைப்படக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒப்பந்தம் இல்லாமல் கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பிறகு சண்டை போடாதீர்கள். மூலக் கோப்புகளைப் பத்திரமாக வையுங்கள், எடுத்தது நீங்கள்தான் என்பதற்கு அவைதான் சாட்சி. அமெரிக்காவில் தொழில் செய்தால், வெளியிட்ட 3 மாதத்துக்குள்ளோ மீறல் நடப்பதற்கு முன்போ படத்தைப் பதிவு செய்திருந்தால்தான் மேலே சொன்ன, 750 டாலரில் தொடங்கும் இழப்பீட்டைக் கேட்க முடியும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது? கண்டுகொள்ளாமல் விடுவது மிகப் பெரிய தவறு. கோபத்தில் பதில் எழுதுவது அடுத்தது. முதலில் அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்துவிட்டு, பிறகு படத்தை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டதால் அதுவரை நடந்த மீறல் மறைந்துவிடாது, ஆனால் மேலும் வளராது. படத்தை யார் கொடுத்தார்கள், எப்போது, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று பழைய மின்னஞ்சலையும் ரசீதையும் தேடி எடுங்கள். கேட்கிறவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்பதற்கு ஆதாரம் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. போலி நோட்டீஸ்களும் வருகின்றன. தொகை பெரிதாக இருந்தால் தவறை ஒப்புக்கொண்டு எதுவும் எழுதும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். பேசித் தீர்த்துப் பணம் கொடுப்பதானால், அது இதுவரை பயன்படுத்தியதற்கு மட்டுமா, இனிமேல் பயன்படுத்தவும் சேர்த்தா என்பதைத் தெளிவாக எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.