10 கியருக்கு 10 கியர் பொருந்தாது: ரேஸிங் சைக்கிளில் நான் விட்ட பிழைகள்

போன கிழமை பரந்தன் சந்தியில் ஒரு தம்பி ரேஸிங் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, கியர்க் கேபிளை முறுக்கிக்கொண்டிருந்தார். இறுக்கினால் சின்னப் பல்லில் சத்தம், தளர்த்தினால் பெரிய பல்லில் சத்தம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று மாதம் அதே முறுக்கலை முறுக்கியவன் நான். செயினுக்கு எண்ணெய் விடாதது, காற்றுப் பார்க்காதது எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. அவற்றை விடுவோம்.

எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது

என்னுடைய கியர்த் தொகுதி ஷிமானோ 105, 5700 வரிசை. பின்னால் 10 பல்லுச் சக்கரங்கள். ஏ-9 வீதியில் மாடு ஒன்று குறுக்கே வர, விழுந்து, செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளும் பின் டீரெய்லரை நெளித்துவிட்டேன். லண்டனில் இருக்கும் மச்சானிடம் ஒன்று அனுப்பச் சொன்னேன். “எந்த மொடல்?” என்று கேட்டான். “எதெண்டாலும் அனுப்படா, 10 எண்டா 10 தானே” என்றேன். புத்தம்புது ஷிமானோ டியாக்ரா 4700 வந்தது. அதுவும் 10தான்.

பூட்டினேன். முதல் கிளிக் ஏறியது. இரண்டாவது முனகிக்கொண்டு ஏறியது. மூன்றாவதில் செயின் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்று கிரகிரவென்றது. கேபிள் மாற்றினேன். டீரெய்லர் தொங்கும் காதை நிமிர்த்தினேன். நல்லாயிருந்த கசெற்றை, அதாவது பின் பல்லுச் சக்கரக் கட்டை, கழற்றிவிட்டுப் புதிது வாங்கினேன். கடைக்கார அண்ணையையும் சந்தேகப்பட்டேன். முறிகண்டியில் தேங்காயும் உடைத்தாயிற்று. பிள்ளையார் கேபிள் கணக்கில் தலையிடுவதில்லை.

விஷயம் இதுதான். கியர் மாற்றும் லீவர் ஒவ்வொரு கிளிக்குக்கும் கேபிளை ஓரளவு இழுக்கும்; டீரெய்லர் அதைப் பெருக்கி நகரும். 5700 காலத்து டீரெய்லர் 1 மி.மீ. இழுவைக்கு ஏறக்குறைய 1.7 மி.மீ. நகரும். 4700க்கு 10 சக்கரம் என்றாலும் அது 11 கியர்க் குடும்பத்துக் கணக்கு: ஏறக்குறைய 1.4. சக்கரத்துக்குச் சக்கரம் 4 மி.மீ.கூட இல்லாத இடத்தில், கிளிக்குக்கு முக்கால் மி.மீ. பின்தங்கினால் மூன்றாவது கிளிக்கில் பாதி வழியில்தான் நிற்கும். கேபிளை முறுக்கினால் தொடங்கும் இடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். கிளிக்குக்கு நகரும் தூரம் நீளாது.

மவுன்டன் சைக்கிளின் 10 கியர் டீரெய்லர் இன்னும் மோசம், ஏறக்குறைய 1.2. பரந்தன் தம்பி பூட்டியிருந்தது அதுதான். 9 கியர் வரைக்கும் ஷிமானோவில் ரேஸிங்கும் மவுன்டனும் பெரும்பாலும் ஒத்துப்போகும். “எதைப் போட்டாலும் ஓடும்” என்று பழைய ஆட்கள் சொல்வது அந்தக் காலத்து அனுபவம். இப்போதும் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீரெய்லரிலும் லீவரிலும் மொடல் இலக்கம் பொறித்திருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு காசைப் பற்றிப் பேசுங்கள்.

பிறீவீலா, கசெற்றா என்று பாராதது

பிறீவீல் சில்லின் நடுவிலுள்ள ஹப்பில் திருகிப் பூட்டுவது; கசெற் ஹப்பில் செருகிப் பூட்டுவது. றீகொண்டிசன் சைக்கிள்களில் இரண்டும் வரும். சில்லைக் கழற்றிப் பல்லைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். சாவி போடும் நடுவளையமும் கூடச் சுற்றினால் கசெற், அசையாமல் நின்றால் பிறீவீல். அப்புறம், 11 கியர் ரேஸிங் கசெற் பொதுவாகப் பழைய 10 கியர் ஹப்பில் ஏறாது; ஹப் 1.85 மி.மீ. குட்டை. மறுவளமாக, 11 ஹப்பில் 10 கசெற் போட அந்தத் தடிப்பில் ஒரு வளையம் வேண்டும்; கசெற்றோடு மெல்லிய வளையம் வந்திருந்தால் அதையும் சேர்த்துப் போட வேண்டும்.

செயின்

கசெற் எத்தனை கியரோ, செயினும் அத்தனை கியருக்கானதாக இருக்க வேண்டும்.

53 பல்லு ஆசை

வன்னி தட்டை நிலம், பெரிய பல்லுத்தான் வேண்டும் என்பார்கள். முன்னால் 53 பல்லுக்குப் பின்னால் 11 பல்லுப் போட்டால், மிதியின் ஒரு முழுச் சுற்றுக்கு 10 மீற்றர் போகும். சரி, சோளகம் அடிக்கும்போது கிளிநொச்சியிலிருந்து மாங்குளம் பக்கம் மிதித்துப் பாருங்கள். 50க்கு 21இலேயே நிமிடத்துக்கு 85 மிதி மிதித்தால் 25 கி.மீ. வேகம் வரும். காற்றுக்குள் நாள் முழுக்க அதுவே பெரிய காரியம். ஏற்றமில்லாத ஊரில் 11-32 கசெற்றும் (சின்னச் சக்கரத்தில் 11 பல்லு, பெரியதில் 32) வீண். அதில் 14இலிருந்து 16க்குத் தாவும். 12-25இல் நடுவில் 15 இருக்கும். எதிர்காற்றில் கால் தேடுவது அந்த 15ஐத்தான்.