ஏஐ-யிடம் "சரிதானா?" என்று கேட்காதீர்கள்

ஏஐ-யிடம் கணக்குக் கேட்கும்போது, எதையெல்லாம் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள், விடை அப்புறம் வரட்டும். விடை வந்ததும் புது சாட் ஒன்றைத் திறந்து, அந்த விடையைக் கொடுத்துப் பின்னாலிருந்து சரிபார்க்கச் சொல்லுங்கள்.

"5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 வருடம், மாதத் தவணை எவ்வளவு?" என்று கேட்டால், கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்றால் சுமார் 10,624 ரூபாய். ஃபிளாட் வட்டி, அதாவது கடைசிவரை முழு 5 லட்சத்துக்கும் வட்டி என்றால் 12,500. கேள்வியில் நாம் சொல்லாததால் அது தானாகவே ஒன்றை எடுத்துக்கொள்ளும். எதை எடுத்தது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பிறகு புது சாட்டில், "5 லட்சம் கடன், குறையும் பாக்கிக்கு மட்டும் 10 சதவீத வட்டி. மாதம் 10,624 கட்டினால் 60 மாதத்தில் தீருமா?" என்று கேளுங்கள்.

இந்த ஏஐ-கள் சொல் சொல்லாக எழுதிக்கொண்டே போகும்; ஏற்கெனவே எழுதியதை ஒட்டித்தான் அடுத்த சொல் வரும். விடையை முதலில் சொல்லிவிட்டால், பின்னால் வரும் விளக்கம் பெரும்பாலும் அதற்கு முட்டுக்கொடுக்கத்தான். சும்மா "சரிதானா?" என்று கேட்டாலோ, சரியான விடையைக்கூட மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடுவதுண்டு.

இன்றைய தங்க விலை, சட்டப் பிரிவு எண், மருந்தின் அளவு போன்றவற்றுக்கு இந்த வழி உதவாது. அதற்குத் தெரியாத தகவலை எத்தனை முறை சரிபார்க்கச் சொன்னாலும் தெரியப்போவதில்லை. அங்கெல்லாம் நேராக மூலத்தைப் பாருங்கள். மருந்து என்றால் மருத்துவரையே கேளுங்கள்.